பட்டினி என்னும் சிகிச்சை

கக்கிய பாம்புக்கு அன்றைக்கே இன்னொரு எலியைக் கொடுப்பவர் அதன் மேல் இரக்கப்பட்டுத்தான் கொடுக்கிறார். பாம்பு உயிர் பிழைக்க வேண்டிய வேளையில் அந்த இரக்கம்தான் அதற்குப் பெரிய இடைஞ்சல். மனிதருக்கும் நாய்க்கும் வாந்தி என்றால் வயிறு காலி, காலியான வயிற்றை நிரப்ப வேண்டும் என்பது நம் கணக்கு. தென்னமெரிக்கக் காடுகளிலிருந்து செல்லப்பிராணிச் சந்தைக்கு வந்து சேர்ந்த போவா கன்ஸ்டிரிக்டருக்கோ, கேரளத்தின் நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவே செங்கல் போன்ற ஊர்களின் கால்வாய் ஓரத்தில் வாழும் நம் மலைப்பாம்புக்கோ இந்தக் கணக்கு பொருந்தாது. இரையைத் திரும்பத் திரும்பக் கக்கும் பாம்புக்குச் செய்ய வேண்டிய முதல் உதவி உணவை நிறுத்துவது. இரண்டாவது, அது ஏன் கக்குகிறது என்று கண்டுபிடிப்பது. உணவு மூன்றாவதாகத்தான் வரவேண்டும், அதுவும் மிகச் சிறிதாக. இந்த வரிசை ஏன் மாறக்கூடாது என்பதற்கான விடை பாம்பின் இரைப்பைக்குள் இருக்கிறது.

நம் இரைப்பை எந்நேரமும் அமிலத்தோடு தயாராக இருக்கும். எப்போதாவது ஒருமுறை பெரிய இரையை உண்ணும் பாம்புகள் அப்படித் தயாராக இருப்பதில்லை. பட்டினி கிடக்கும் பர்மா மலைப்பாம்பின் இரைப்பைக்குள் அமிலத்தன்மை ஏறக்குறைய இல்லை, அதன் பி.எச். அளவு தண்ணீரைப் போல 7-ஐ ஒட்டி நிற்கும். இரை உள்ளே போன பிறகுதான் அமிலம் சுரக்கத் தொடங்கும். ஓரிரு நாளில் பி.எச். 2-க்கும் கீழே இறங்கி, இரை முழுவதும் கரைந்து குடலுக்குள் போகும்வரை அங்கேயே நிற்கும். வேலை முடிந்ததும் சுரப்பு நின்றுவிடும். 1990-களில் ஸ்டீபன் செகோரும் ஜாரெட் டயமண்டும் கலிபோர்னியாவில் செய்த ஆய்வுகள் இந்த ஏற்ற இறக்கத்தை இரைப்பைக்கு அப்பாலும் காட்டின. இரை விழுங்கிய ஓரிரு நாளுக்குள் சிறுகுடலின் எடை ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. கல்லீரலும் சிறுநீரகமும் பருக்கின்றன. ஆக்சிஜன் செலவு ஓய்வு நிலையைவிடப் பல மடங்கு உயர்கிறது, மிகப் பெரிய இரை என்றால் 40 மடங்கைத் தாண்டுகிறது. இதயமே 40 விழுக்காடு வரை பெருக்கிறது என்று 2005-ல் ஓர் ஆய்வு சொன்னது. பின்னால் வந்த சில ஆய்வுகளுக்கு அந்த அளவு பெருக்கம் தென்படவில்லை. குடல் விரிந்து சுருங்குவதைப் பற்றியோ அப்படிப்பட்ட சர்ச்சை இல்லை. எப்போதாவது உண்ணும் பாம்புகளையும் அடிக்கடி உண்ணும் பாம்புகளையும் செகோரும் டயமண்டும் பின்னர் ஒப்பிட்டபோது, போவா கன்ஸ்டிரிக்டரும் மலைப்பாம்பின் பக்கமே நின்றது.

இந்த ஏற்பாட்டில் நமக்கு முக்கியமானது செலவு எப்போது நடக்கிறது என்பது. இரையிலிருந்து ஒரு சத்தும் உடலில் சேர்வதற்கு முன்பே அமிலம் சுரக்க வேண்டும், குடல் வளர வேண்டும். அதற்கான முதலீட்டைப் பாம்பு தன் சேமிப்பிலிருந்து எடுத்துப் போடுகிறது. வரவு பின்னால்தான் வரும். கக்கும்போது அந்த வரவு முழுவதும் போகிறது, முதலும் திரும்புவதில்லை. கடன் வாங்கி நட்ட வயலை வெள்ளம் கொண்டுபோன விவசாயியின் நிலை அது. மறுநாளே இன்னொரு இரையைக் கொடுப்பது அதே வயலில் இன்னொரு கடன் வாங்கி நடச் சொல்வதற்குச் சமம். நட்டம் அதோடு நிற்பதில்லை. அமிலத்தைத் தாங்கும் சளிப் படலம் இரைப்பைக்கு உண்டு, உணவுக்குழாய்க்கு அந்தக் காப்பு இல்லை. பாதி கரைந்த எலி, மயிரும் நகமும் அமிலமுமாக அந்தக் குழாய் வழியே தலைகீழாக வெளியேறும்போது உள்தோல் புண்படுகிறது. நீரும் உப்புகளும் கூடவே போகின்றன. புண் ஆறுமுன் அடுத்த இரை இறங்கினால் அது மீண்டும் மேலே வருவதற்கான வாய்ப்பு கூடுகிறது. முதல் முறை கக்கியதற்கு எது காரணமாக இருந்தாலும், இரண்டாம் முறைக்கு முதல் கக்கலே காரணமாகிவிடலாம். அனுபவமுள்ள ஊர்வன மருத்துவர்கள் கக்கிய பாம்புக்குக் குறைந்தது பத்து முதல் பதினான்கு நாள், போவா என்றால் அதற்கும் மேலாக, இரை காட்டாதீர்கள் என்பது இதனால்தான்.

இதற்கு வரும் முதல் மறுப்பு, ஏற்கெனவே மெலிந்த பாம்பைப் பட்டினி போட்டால் செத்துவிடாதா என்பது. நியாயமான பயம்தான், ஆனால் அது நம் உடலை வைத்து வந்த பயம். மார்ஷல் மெக்கியூ 2007-ல் வெளியிட்ட ஆய்வில் மூன்று இனப் பாம்புகள் ஏறத்தாழ ஆறு மாதம் உணவின்றி வைக்கப்பட்டன. அவை தம் ஓய்வுநிலை ஆற்றல் செலவை 72 விழுக்காடு வரை குறைத்துக்கொண்டன. ஓய்வில் கிடக்கும் பாம்பு முன்பே மிகக் குறைவாகச் செலவழிக்கும் உயிர். பட்டினியில் அந்தச் சிறு செலவையும் சுருக்கத் தெரிந்த உயிர். அந்த மாதங்களோடு ஒப்பிட்டால் இரண்டு மூன்று வாரம் அதற்குப் பெரிய சோதனையில்லை. லங்கணம் பரம ஔஷதம் என்று நம் வீடுகளில் காய்ச்சல்காரருக்குச் சொல்லும் பழமொழி, மனிதரைவிடப் பாம்புக்கே நன்றாகப் பொருந்துகிறது. இரண்டு விலக்குகள் உண்டு. பிறந்து சில வாரமே ஆன குட்டிக்கும், முதுகெலும்பு துருத்தித் தோல் மடிந்து தொங்கும் அளவுக்கு வற்றிப்போன பாம்புக்கும் சேமிப்பு கிடையாது. அவற்றைக் காத்திருக்க வைக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். அங்கும் முதலில் கொடுக்கப்படுவது எலி அல்ல, நீர்ச்சத்து. பட்டினி என்பது இரைக்கு மட்டும்தான். சுத்தமான தண்ணீர்ப் பாத்திரம் எந்நேரமும் கூண்டுக்குள் இருக்க வேண்டும்.

காத்திருக்கும் நாட்களில் காரணத்தைத் தேடவேண்டும். முதலில் பார்க்க வேண்டியது வெப்பம். பாம்பின் செரிமான நொதிகளும் அமிலச் சுரப்பும் சுற்றுப்புற வெப்பத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும். ஸ்கோசிலாஸ் என்ற ஆய்வாளர் 1970-ல் ஐரோப்பியப் புல்பாம்பை வைத்துச் செய்த சோதனையில், 25 டிகிரி செல்சியஸில் ஒழுங்காக நடந்த செரிமானம் 5 டிகிரியில் அடியோடு நின்றுபோனது. வெப்பம் குறைந்தால் செரிமானம் மெதுவாகும், ஆனால் இரையின் குடலுக்குள் இருக்கும் பாக்டீரியாக்கள் அதே அளவுக்கு மெதுவாவதில்லை. அமிலம் உள்ளே போய்ச் சேருமுன் இரை அழுகிவிடுகிறது. அழுகும் வாயுவில் ஊதிய இரையைப் பாம்பு வெளியே தள்ளிவிடுகிறது. எங்கள் ஊரில் வெயிலுக்கா பஞ்சம், பாம்புக்கு எதற்கு ஹீட்டர் என்ற கேள்வி குமரி மாவட்ட எல்லையிலிருந்து திருவனந்தபுரம்வரை யாரும் கேட்கக்கூடியது. இரவில்கூட அதிகம் குளிராத வட்டாரம் என்பது உண்மைதான். ஆனால் போவாவுக்கு வேண்டியது சராசரி வெப்பம் அல்ல, தேர்வு. கூண்டின் ஒரு முனை 31, 32 டிகிரியிலும் மறுமுனை 26 டிகிரியை ஒட்டியும் இருந்தால், இரை விழுங்கிய பாம்பு தானாகவே சூட்டுப் பக்கம் போய்ப் படுக்கும், சூடு போதும் என்றால் விலகும். தென்மேற்குப் பருவமழை விடாமல் பெய்யும் நாட்களில் செங்கலில் உள்ள ஓர் ஓட்டுவீட்டு அறை பகலெல்லாம் 26, 27 டிகிரியிலேயே நிற்கலாம். டைல்ஸ் தரையில் வைத்த கண்ணாடித் தொட்டியின் அடிப்பக்கம் அதைவிடக் குளிர்ந்திருக்கும். மழையோடு மின்சாரமும் போனால் சூட்டு விளக்கு இருந்தும் பயனில்லை. மறுபுறம் மீனம், மேட மாதத்து வெயிலில் மூடிய கண்ணாடித் தொட்டி பாம்பு தாங்காத சூட்டுக்கு ஏறிவிடும். அதுவும் கக்க வைக்கும். ஊர் வெப்பமானது என்பதைக் கூண்டின் இரு முனைகளிலும் வைத்த வெப்பமானி சொல்லாதவரை நம்புவதற்கில்லை. இரை கொடுக்கும் நாளையும் இதே கணக்கில் பார்க்கலாம்: மழையும் மின்வெட்டும் உறுதியான வாரத்தில் இரையைத் தள்ளிவைப்பதால் பாம்புக்கு ஒரு கேடும் இல்லை.

வெப்பத்துக்கு அடுத்தது இரையின் அளவும் அதன்பின் பாம்புக்குக் கிடைக்கும் அமைதியும். காட்டில் மலைப்பாம்பு முழு மானையே விழுங்குகிறதே, வீட்டுப் பாம்புக்கு மட்டும் ஏன் அளவுச் சாப்பாடு என்று கேட்கலாம். காட்டுப் பாம்பு அந்த மானுக்குப் பிறகு பல வாரம் உண்பதில்லை. வெயிலும் வளையும் தேடித் தானே இடம் மாறிக்கொள்ளும். ராஜஸ்தானின் கேவலாதேவ் பூங்காவில் மலைப்பாம்புகளைப் பல ஆண்டு ஆராய்ந்த கோவை சலீம் அலி மையத்தின் எஸ். பூபதி போன்றோர், குளிர்காலத்தில் அவை வளைகளைவிட்டு வெளியே வந்து வெயில் காய்வதைப் பதிவு செய்திருக்கிறார்கள். கண்ணாடித் தொட்டிக்குள் அந்த விடுதலை கிடையாது. காட்டுப் பாம்பும் கக்காத பாம்பு அல்ல. ஆடோ கோழியோ விழுங்கிக் கால்வாய்க் கரையிலோ வாழைத் தோட்டத்திலோ அசையாமல் கிடக்கும் மலைப்பாம்பைச் சுற்றி ஊர் கூடினால், அது பெரும்பாலும் விழுங்கியதைக் கக்கிவிட்டு நகரப் பார்க்கும். நிறைந்த வயிற்றோடு ஓட முடியாது என்பதால் பாரத்தை இறக்கிவைத்து உயிரைக் காக்கும் தந்திரம் அது. கூட்டத்துக்கு அது வேடிக்கை, பாம்புக்கு ஒரு மாத உணவும் அதற்குப் போட்ட முதலும் போன நட்டம். கேரள வனத்துறை 2020-ல் தொடங்கிய சர்ப்பா செயலி வழியே பயிற்சி பெற்ற மீட்பரை அழைத்துவிட்டு, அவர் வரும்வரை கூட்டத்தை விலக்கி வைப்பதுதான் அந்தப் பாம்புக்குச் செய்யும் பெரிய உதவி. வீட்டுப் போவாவுக்கும் அதே விதிதான். இரை விழுங்கி மூன்று நாளாவது ஆகுமுன் அதைத் தூக்கித் தோளில் போட்டுப் படமெடுப்பவர், கால்வாய்க் கரைக் கூட்டம் செய்வதையே செய்கிறார்.

வெப்பம், அளவு, அமைதி மூன்றையும் சரிசெய்த பிறகும் பாம்பு கக்கினால் நோயைச் சந்தேகிக்க வேண்டும். கக்கிய பொருளே ஓரளவு துப்புக் கொடுக்கும். முதல் நாளிலேயே, ஏறக்குறைய விழுங்கிய உருவத்தில் வெளியே வந்தால் பெரும்பாலும் தொந்தரவோ அளவு மிஞ்சிய இரையோ காரணம். நாலைந்து நாள் கழித்து நாற்றத்தோடு அழுகி வந்தால் குளிரையோ தொற்றையோ நினைக்க வேண்டும். இது தீர்ப்பு அல்ல, எங்கே தேடத் தொடங்குவது என்பதற்கான குறிப்பு மட்டும். தொற்று எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் செங்கலிலிருந்து வெகுதொலைவு போக வேண்டியதில்லை. இலங்கையின் தெகிவளை விலங்கியல் பூங்காவிலிருந்து 2014-ல் திருவனந்தபுரம் பூங்காவுக்கு ஏழு பச்சை அனகோண்டாக்கள் வந்தன. அனகோண்டா போவாவின் குடும்பத்தைச் சேர்ந்ததே. 2019 முதல் அவற்றில் சில அடுத்தடுத்து இறந்தபோது பரிசோதனையில் தெரிய வந்த எதிரி என்டமீபா இன்வாடென்ஸ் என்ற அமீபா. ஆமைகள் பலவற்றின் குடலில் எந்தத் தீங்குமின்றி வாழும் இந்த ஒற்றைச் செல் உயிர், பாம்பின் குடலுக்குள் போனால் சுவரை அரித்து ஈரலுக்கும் பரவும். பசியின்மை, கக்கல், சளியும் இரத்தமும் கலந்த மலம் ஆகியவை அதன் அடையாளங்கள். ஆமையையும் பாம்பையும் ஒரே அறையில், ஒரே தண்ணீர்ப் பாத்திரத்தோடு, ஒரே துடைப்பத்தோடு வளர்க்கக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம். இந்த அமீபாவுக்கு மருந்து உண்டு, சீக்கிரம் கண்டுபிடித்தால் பலனும் உண்டு. கிரிப்டோஸ்போரிடியம் செர்பென்டிஸ் என்ற இன்னொரு ஒட்டுண்ணிக்கு அந்த ஆறுதல்கூடக் கிடையாது. அது இரைப்பைச் சுவரைத் தடிக்க வைக்கும். பாம்பின் நடுவயிறு இரை இல்லாமலே புடைத்து நிற்கும். உண்ட சில நாளில் ஒவ்வொரு முறையும் கக்கும். முழுதாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. அதன் முட்டை போன்ற கூடுகள் சாதாரண பிளீச்சிங் கரைசலுக்கும் சாவதில்லை.

போவா வளர்ப்போர் எல்லாவற்றையும்விட அதிகம் அஞ்சுவது உள்ளடக்கப் பொருள் நோயை. பாதிக்கப்பட்ட பாம்பின் செல்களுக்குள் புரதத் திரள்கள் தென்படுவதால் வந்த பெயர் அது. பல ஆண்டு காரணம் தெரியாமல் இருந்த இந்த நோயோடு தொடர்புள்ள அரீனாவைரஸ்களை 2012-ல் சான்பிரான்சிஸ்கோவின் ஜோசப் டிரிசி குழு கண்டுபிடித்தது. அதுவரை அரீனாவைரஸ்கள் பாலூட்டிகளிடம் மட்டும் உள்ளவை என்றே நினைத்திருந்தார்கள். போவாவிடம் இந்நோயின் முதல் அடையாளங்களில் ஒன்று, எதனாலும் நிற்காத கக்கல். தலை நடுக்கம், புரண்டு விழுந்தால் நிமிர முடியாமை போன்றவை பின்னால் வரலாம், வராமலும் போகலாம். மார்க் ஸ்டெங்லைன் குழு 2017-ல் வெளியிட்ட சோதனையில், தொற்று ஏற்றப்பட்ட பால் பைத்தான்கள் சில மாதங்களுக்குள் கடுமையான நரம்புக் கோளாறுக்கு ஆளாயின. அதே தொற்று ஏற்ற போவாக்கள் இரண்டாண்டு வரை வெளிப்பார்வைக்கு நலமாகவே இருந்தன. நலமாகத் தெரியும் போவா ஒன்று அடுத்த கூண்டுப் பாம்புகளுக்கு நோயைக் கொடுத்துக்கொண்டிருக்கலாம் என்பதே இதன் பொருள். ஆகவே கக்கும் பாம்பைக் கண்ட அன்றே அதைத் தனி அறைக்கு மாற்ற வேண்டும். மற்றப் பாம்புகளைக் கவனித்து முடித்த பின்பே அதைத் தொட வேண்டும். இரத்தத்தையும் மலத்தையும் ஊர்வன பற்றி அறிந்த கால்நடை மருத்துவரிடம் சோதிக்கக் கொடுக்க வேண்டும். நோயாக இருந்தால் காத்திருப்பது காலத்தை வீணாக்குவதாகாதா என்ற மறுப்புக்கு விடை இங்கேயே இருக்கிறது. காத்திருப்பது இரைப்பைதான், பரிசோதனை காத்திருக்க வேண்டியதில்லை. இரைப்பை ஓய்வெடுக்கும் அந்த இரண்டு வாரமே பரிசோதனைக்கு ஏற்ற நேரமும்.

இத்தனையும் எதற்கு, வாந்தியை நிறுத்த ஒரு மருந்தும் குடலுக்கு நல்ல பாக்டீரியா கொண்ட ஒரு கரண்டித் தயிரும் கொடுத்தால் போதாதா என்பது அடுத்த கேள்வி. இரை விழுங்கிய பர்மா மலைப்பாம்பின் குடலில் பாக்டீரியாக்களின் கூட்டமைப்பே சில நாளில் மாறிவிடுகிறது என்று 2010-ல் ஓர் ஆய்வு காட்டியது. கக்கலும் அந்தக் கூட்டத்தைக் குலைக்கும் என்று நினைப்பதில் தவறில்லை. ஆனால் பாலையே அறியாத ஓர் உயிரின் குடலுக்குப் பாலில் வளரும் பாக்டீரியா பொருந்தும் என்பதற்கு ஆதாரமில்லை. வாந்தி நிறுத்தும் மருந்தோ காரணத்தைத் தொடாமல் அடையாளத்தை மட்டும் மறைக்கும். அழுகும் இரையை வெளியே தள்ளாமல் உள்ளேயே வைத்துக்கொள்ளும் பாம்புக்கு அதனால் இன்னும் பெரிய ஆபத்து. மருந்து வேண்டாம் என்பதில்லை. அமீபா என்று தெரிந்தால் அமீபாவுக்கான மருந்தை மருத்துவர் எடையறிந்து கொடுப்பார். தெரியுமுன் கொடுக்கும் மருந்துதான் வேண்டாம்.

ஓய்வு முடிந்து மறுபடி உணவு தொடங்கும்போதும் வரிசை முக்கியம். முதல் இரை வழக்கமான அளவில் பாதியோ அதற்கும் குறைவோ இருக்கட்டும். உறைந்த எலியானால் உள்ளே பனி இல்லாமல் முழுவதும் உருகி, வெதுவெதுப்பாக இருக்கட்டும். அது செரித்து மலமாக வெளிவந்த பின்பே அடுத்தது. அதுவும் வழக்கத்தைவிட நீண்ட இடைவெளி விட்டு. ஒழுங்காகச் செரித்த இரைகள் சில கடந்த பின்பே அளவைக் கூட்டலாம். நடுவில் மறுபடி கக்கினால் எண்ணிக்கை மீண்டும் முதலிலிருந்து தொடங்கும், மருத்துவரிடம் போவது கட்டாயமாகும். மாதங்கள் பிடிக்கலாம், பாம்பின் உடல் அந்த வேகத்தில்தான் நடக்கிறது.

இதற்கெல்லாம் பொறுமையில்லாதவர் பாம்பைக் கால்வாய்க் கரையில் விட்டுவிடலாம் என்று நினைத்தால் அதுவே எல்லாவற்றிலும் பெரிய தவறு. புளோரிடாவில் பெருகிய பர்மா மலைப்பாம்புகளோடு ஆசியாவிலிருந்து வந்த ரைலியெட்டியெல்லா ஓரியென்டாலிஸ் என்ற நுரையீரல் ஒட்டுண்ணி, அங்குள்ள உள்ளூர்ப் பாம்புகளிடம் பரவிவிட்டதை 2018-ல் ஆய்வாளர்கள் உறுதி செய்தார்கள். கரீபியக் கடலின் அரூபா தீவில் அந்நியமாக வந்த போவாவே பெருகி உள்ளூர்ப் பறவைகளையும் பல்லிகளையும் தின்று தீர்க்கிறது. நெய்யாற்றுக் கால்வாய்களில் வாழும் நம் மலைப்பாம்பு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர். அதை வீட்டில் வளர்ப்பது குற்றம். அதன் வாழிடத்தில் நோயுள்ள போவாவை விடுவது அதற்கு நஞ்சு வைப்பதற்குச் சமம். போவா போன்ற அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர் 2022-ன் சட்டத் திருத்தத்தின்படியும் 2024-ல் வந்த பதிவு விதிகளின்படியும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுள்ளவர் மருத்துவரிடம் போகத் தயங்க வேண்டியதில்லை. கக்கும் பாம்பை மறைத்து வைத்துத் தானே மருந்து பார்க்கும் பழக்கத்துக்கு அதுவே பாதி மருந்து. மீதிப் பாதி, பாம்பு உண்ணவில்லை என்று பதறாமலிருக்கப் பழகுவது. உண்ணாத பாம்பைக் காப்பாற்றப் பெரும்பாலும் அவகாசம் இருக்கிறது. கக்கிக் கக்கி உண்ணும் பாம்புக்கு ஒவ்வோர் இரையும் அந்த அவகாசத்தைக் குறைக்கிறது.